கருப்புப் புண்

ஆம்பூர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஒரு வருடம் முடிவதற்குள் டாக்டர் ஜஹீதாவுக்கு ஒரு பகையாளி வாய்த்துவிட்டார். சர்ஜன் கோதண்டபாணி. இருபது வருடமாக அங்கே கத்தி பிடிப்பவர். அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

ஜஹீதா கிருமியியல் படித்தவள், லேபுக்குப் பொறுப்பு. ஒருமுறை அவர் ஒரு கட்டியை வெட்டி எடுத்து, ஃபார்மலினில் போடாமல் வெறும் உப்புத் தண்ணீரில் போட்டு அனுப்பினார். சதை கெட்டுப்போய் வந்தது. அவள் திருப்பி அனுப்பினாள். அத்தோடு விட்டிருக்கலாம். டாக்டர்களின் வாட்ஸ்அப் குழுவில், எந்தச் சதையை எதில் போட்டு அனுப்ப வேண்டும் என்று லேப் அறிவிப்பாக விளக்கமாக எழுதிப் போட்டாள். பெயர் சொல்லவில்லை. ஆனால் யாரைக் குத்துகிறாள் என்று கேண்டீன் வரைக்கும் தெரிந்துபோயிற்று.

"கத்தியே பிடிக்காதவ எனக்குப் பாடம் நடத்துறா" என்று அவர் சொன்னது அன்றைக்கே அவள் காதுக்கு வந்தது. அவளும் லேசுப்பட்டவள் இல்லை. மற்ற டாக்டர்கள் என்றால் போனில் கேட்டுச் சரிசெய்துகொள்ளும் சின்னக் குறைகளுக்குக்கூட அவருடைய மாதிரிகளைத் திருப்பி அனுப்பினாள். அவள் பேசினால் அவர் போனை வைப்பார். அவர் வந்தால் அவள் எழுந்திருக்க மாட்டாள்.

அப்படி இருக்கும்போதுதான் கோதண்டபாணியின் நோயாளி பூவரசனின் புண்ணிலிருந்து எடுத்த பஞ்சுக்குச்சி லேபுக்கு வந்தது. கூட வந்த சீட்டில் 'முன்கைப் புண், சுத்தம் செய்ய வேண்டும்' என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. நோயாளி என்ன வேலை பார்க்கிறான், எத்தனை நாளாகப் புண், எதுவும் கிடையாது. வழக்கம்போல் திருப்பி அனுப்பத்தான் கை போயிற்று. அதற்குள் டெக்னீஷியன் பூர்ணிமா சாயம் ஏற்றிய ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்திருந்தாள்.

குனிந்து பார்த்த ஜஹீதா நிமிரவில்லை. தடித்த நீலக் கம்பிகள், முனை வெட்டினாற்போல, மூங்கில் கணுக்கள் மாதிரி ஒன்றோடொன்று கோத்துக் கிடந்தன. சீழ் என்பது பேருக்குக்கூட இல்லை.

"பூர்ணிமா, இந்த மாதிரிய இனிமே வெளிய தொறக்காத. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வையி. கைய நல்லா கழுவு" என்றவள் தியேட்டருக்குப் போன் போட்டாள். சார் ஆபரேஷனுக்குக் கை கழுவிவிட்டார் என்றாள் நர்ஸ்.

"ஸ்பீக்கர்ல போடுங்க. சார், அந்தக் கைப்புண்ண வெட்டாதீங்க. ஆந்த்ராக்ஸா இருக்கலாம். அடைப்பான். கத்தி வெச்சா ரத்தத்துல பரவிடும்."

"அடைப்பான் மாட்டுக்கு வரும்மா. நான் மாட்டு டாக்டர் இல்ல" என்றது கோதண்டபாணியின் குரல். பின்னால் யாரோ சிரித்தார்கள். "ரிப்போர்ட்ட எழுதி அனுப்பு. நீ எழுதி முடிக்கறதுக்குள்ள நான் கட்டு போட்டு முடிச்சிருப்பேன்."

இணைப்பு அறுந்தது. அவள் படியேறி ஓடினாள்.

தியேட்டர் வாசலில் டிராலி மேல் பூவரசன் படுத்திருந்தான். பக்கத்தில் அவன் மனைவி ஜோதி நின்றிருந்தாள். முன்கையில் நிலக்கரித் துண்டு ஒட்டினாற்போல ஒரு கருப்புப் புண். அதைச் சுற்றித் தோள்பட்டை வரைக்கும் வீங்கியிருந்தது.

"வலிக்குதா?"

"வலியே இல்ல டாக்டரம்மா. அதான் நேத்து வரைக்கும் வேலைக்குப் போனேன்."

"இன்னா வேலை?"

"ஷபீ அஹமது மொதலாளியோட பச்சைத் தோல் குடோன்ல. லாரில வர்ற ஆட்டுத் தோல எறக்கி உப்பு ஒதறிப் போடுவோம்."

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு கோதண்டபாணி வந்தார். "என் தியேட்டர் வாசல்ல உனக்கு இன்னா வேலை?"

"இவர் வேலை பார்க்கறது தோல் குடோன்ல சார். நீங்க கேட்டீங்களா?"

"எனக்குக் கேள்வி சொல்லித் தர்றியா? போ, போய் மலத்தையும் மூத்திரத்தையும் பாரு. அதான் உன் வேலை."

அவள் வழியை விடவில்லை. "பார்க்கறேன் சார். அதுல இருக்கறதயாவது ஒழுங்கா எழுதி அனுப்பறேன். நீங்க அதுகூடச் செய்யறதில்ல."

மயக்க மருந்து டாக்டர் நவநீதன் உள்ளிருந்து வந்து புண்ணைக் குனிந்து பார்த்தார். யாரோடும் வம்புக்குப் போகாத மனிதர். "சார், கல்ச்சர் ரிப்போர்ட் வர்ற வரைக்கும் நான் மயக்கம் குடுக்கறதா இல்ல" என்றார்.

கோதண்டபாணி இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். கையுறையைக் கழற்றித் தரையில் எறிந்தார். "இந்தக் கை போச்சுன்னா இவ பேர்ல எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். டிராலியில் கிடந்தவனிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜோதி எல்லார் முகத்தையும் பார்த்து விழித்துக்கொண்டு நின்றாள்.

மருந்து அன்றைக்கே ஏறத் தொடங்கிற்று. மறுநாள், கிருமி வளர்க்க வைத்த தட்டில், தேய்த்த கண்ணாடி போல வெளுத்த திட்டுகள் முளைத்திருந்தன. ஜஹீதா அதை உறுதிசெய்ய வேலூருக்கு அனுப்பிவிட்டு, மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குச் சொல்லத் தயாரானாள்.

அதற்குள் ஷபீ அஹமது லேபுக்கே வந்துவிட்டார். ஆஸ்பத்திரி டிரஸ்டிலும் அவர் ஓர் ஆள். அத்தர் மணக்க உட்கார்ந்து, உருதுவில், மகளே என்ற உரிமையோடு மெதுவாகப் பேசினார்.

"பேட்டி, வேலூர்லருந்து பதில் வரட்டும். அதுக்குள்ள இன்னா அவசரம்? வெளிநாட்டுப் பார்ட்டி காதுல விழுந்தா என் தோலு மட்டும் இல்ல, ஆம்பூர்த் தோலையே தொட மாட்டான்."

"சந்தேகம் வந்தாலே சொல்லியாகணும் சாப். குடோன்ல இன்னும் ஆளுங்க வேலை செய்யறாங்க."

"ஹஸன் நம்ம ஷூ யூனிட்லதானே இருக்கான்? உன் வீட்டுக்காரன். நல்ல பையன்."

"அவரை வெளில அனுப்பினாலும் நான் சொல்லத்தான் போறேன்."

 அவர் வெளியேறியதும் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

குடோனைப் பூட்டினார்கள். ஹஸனை வேலையை விட்டு அனுப்பவில்லை. ராணிப்பேட்டை யூனிட்டுக்கு மாற்றினார்கள். "ஊருக்கெல்லாம் டாக்டரா இரு. வீட்ல யாரு இருக்காங்கன்னு மட்டும் பார்க்காத" என்று சொல்லிவிட்டு அவன் முகம் கொடுக்காமல் பஸ் ஏறினான். வேலூரிலிருந்து ஆந்த்ராக்ஸ்தான் என்று பதில் வந்தது. பூவரசனின் வீக்கம் வடிந்தது. கோதண்டபாணி அந்த வார்டுப் பக்கமே போகவில்லை.

ஒரு பகல் வேளையில் ஜோதி லேப் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"நல்லா இருக்கியா டாக்டரம்மா? குடோனப் பூட்டிட்ட. எங்க அடுப்பையும் சேத்துப் பூட்டிட்ட. இவரு கைய நீட்டிக் காட்டினதாலதான் எல்லாருக்கும் வேலை போச்சுன்னு தெருவே காறித் துப்புது."

"உன் புருஷன் உயிரோட இருக்கார்."

"இருந்து? எவன் வேலை தருவான்?"

ஜஹீதாவுக்குப் பொறுமை எப்போதும் கம்மி. "துப்பறவங்க துப்பட்டும். அங்க வேலை செஞ்ச வேற யாருக்காவது இது மாதிரி வந்திருக்கா? அதச் சொல்லு மொதல்ல."

ஜோதி கதவுப் பக்கம் திரும்பினாள். ஜஹீதா நகராமல் அவளையே பார்த்தாள்.

"எதுக்கு? அவனையும் காட்டிக்குடுத்துட்டுத் தெருவுல நான் நடமாட வேணாமா?" என்றவள், கதவைப் பிடித்தபடியே சொன்னாள். "தானியேலுக்கு. கழுத்துல. இவரோட மூட்டை எறக்கற ஆளு. தோள்ல தூக்கும்போது தோலு ஒரசுற எடம். ஆஸ்பத்திரிக்குப் போனா குடோன் தொறக்கவே மாட்டாங்கன்னு ஊட்ல கெடக்கறான்."

கழுத்து என்றதுமே ஜஹீதா எழுந்துவிட்டாள். ஆம்புலன்சில் ஜோதியையும் ஏற்றிக்கொண்டாள். தானியேல் வீட்டு வாசலில் நாலைந்து பேர் வழி மறித்தார்கள். "பேஜார் பண்ணாம போய்டும்மா" என்றான் ஒருவன். ஜோதி அவனை வாய்க்கு வந்தபடி ஏசினாள். அவன் பிறப்பையும் வளர்ப்பையும் சேர்த்து ஏசினாள். அந்த ஏச்சில் அவர்கள் விலகிய இடைவெளியில் ஜஹீதா உள்ளே புகுந்தாள். தானியேலின் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் கழுத்தே இல்லை. எல்லாம் ஒரே வீக்கம். மூச்சு விசில் போல வந்தது.

அவனை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு, வழியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். மூச்சுக்குழலில் துளை போடக்கூடியவர் அங்கே ஒருவர்தான். கோதண்டபாணி எடுக்க மாட்டார் என்றே நினைத்தாள். எடுத்தார்.

"கழுத்துல ஆந்த்ராக்ஸ். மூச்சு அடைக்குது. பத்து நிமிஷத்துல வர்றோம்."

"புண்ணு எந்தப் பக்கம்?"

"வலது. நடுக்கழுத்துல தோல் சுத்தமா இருக்கு."

"கொண்டா."

வாய் வழியாகக் குழாய் விட நவநீதன் இரண்டு முறை முயன்று கையை விரித்தார். கோதண்டபாணி கத்தியை எடுத்தார். எது எங்கே இருக்கிறது என்று தெரியாத அந்த வீக்கத்துக்குள், புண்ணைத் தொடாமல் விரலால் தடவி மூச்சுக்குழலைக் கண்டுபிடித்துத் துளைத்துக் குழாயை இறக்கினார். புஸ்ஸென்று காற்று சீறியது. நீலம் பாய்ந்திருந்த தானியேலின் உதடு மெல்லச் சிவந்தது.

வெளியே வந்தவரிடம் ஜஹீதா, "தேங்க்ஸ் சார்" என்றாள்.

"உனக்காகச் செய்யல."

"எனக்காகன்னு நானும் சொல்லல."

 அவர் கையுறையைக் கழற்றித் தொட்டியில் போட்டுவிட்டு நடந்தார். அந்தக் கையின் திறமையை அவள் கண்ணால் பார்த்துவிட்டாள். இல்லையென்று சொல்ல முடியாது. இதே கைதான் அன்றைக்குப் பூவரசனைக் கிழித்திருக்கும் என்பதையும் அவளால் மறக்க முடியவில்லை.

தானியேல் பிழைத்துக்கொண்டான். கழுவி, மருந்தடித்து, குடோனைத் திறந்தார்கள். தானியேலை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனவன் என்று பூவரசனைச் சேர்க்கவில்லை. அவன் வாணியம்பாடியில் ஒரு மரக்கடையில் லோடு ஏற்றப் போனான். ரம்ஜானுக்கு முந்தைய வாரம் கடைத்தெருவில் ஜஹீதா எதிரே ஜோதியைப் பார்த்தாள். சிரிக்கப் போனாள். ஜோதி தெருவின் அந்தப் பக்கம் கடந்து போய்விட்டாள்.