பக்கத்துக் கடைப் பப்பாளி

பெரு நாட்டு அரெகிபா நகரின் பழைய சந்தையில் பழச்சாறு குடிக்க நினைப்பவர் முதல் நாளே நன்றாக யோசித்துவிட்டு உட்கார வேண்டும். ஒரு கடையின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் அந்தக் கடைக்காரி அவருக்குக் கசேரா, அவர் அவளுக்குக் கசேரோ, ஆயுள் வாடிக்கை. அதற்குப் பிறகு கட்டிய மனைவியைக்கூட விட்டுவிடலாம், கசேராவை விட முடியாது.

விட்டால் என்ன ஆகும் என்று, அங்கே சாறுக் கடை வைத்திருக்கும் தொமித்திலாவின் வாடிக்கைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். அவள் சண்டை போடமாட்டாள். மறுநாள் அந்த ஆள் வந்து உட்காரும்வரை பொறுத்திருப்பாள். பிறகு பழக்குவியலுக்குப் பின்னால் பலகை மேல் ஏறி நின்று, சந்தை முழுக்கக் கேட்கிற மாதிரி விசாரிப்பாள்.

"என்ன கசேரோ, பக்கத்துக் கடைப் பப்பாளி ரொம்ப இனிச்சுதோ?"

பக்கத்துக் கடைக்காரி சொராய்தாவும் லேசுப்பட்டவள் இல்லை. "ஆமா, இனிச்சுது!" என்று அங்கிருந்தே குரல் கொடுப்பாள். நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர் மிக்ஸிக்குள் ஒளிந்துகொள்ள இடமிருக்குமா என்று பார்ப்பார். இப்படியே இருபது வருடம் வியாபாரம் செய்ததில், தொமித்திலாவின் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் சாகும்வரை வேறு பெஞ்சைத் திரும்பிப் பார்த்ததில்லை. அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

இப்போது அவளுக்கு இன்னொரு கடை வேண்டும். பணத்தாசையால் இல்லை. மகள் நெலிதாவின் கணவன் பெர்சிக்கு, எல்லை தாண்டிச் சிலி நாட்டில், அந்தொஃபகாஸ்தாவில் ஒரு கிடங்கு வேலை காத்திருந்தது. அவனுடைய அண்ணன் ஞாயிறு தவறாமல் போன் செய்து 'எப்ப வர்றே' என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். போனால் நெலிதாவும் போய்விடுவாள். அவ்வளவு தூரம் போன பெண்கள் கிறிஸ்துமஸுக்குப் படம் அனுப்புவார்கள், வரமாட்டார்கள். ஊருக்கு வெளியே கட்டியிருந்த புதுச் சந்தையில் தொமித்திலா மகள் பெயருக்கு ஒரு கடை எடுத்தாள்.

"ஆகஸ்ட் திருவிழா வரைக்கும் பாக்கலாம் அத்தை," என்றான் பெர்சி. "அதுக்குள்ள கடை ஓடுச்சுன்னா இருக்கோம். ஓடலைன்னா பஸ் ஏற வேண்டியதுதான்."

பெர்சி வியாபார நிர்வாகம் படித்தவன். நல்ல பையன், என்ன, படித்ததை மறக்கமாட்டேன் என்று அடம்பிடிப்பான். எல்லாக் கடையும் ஒரே அச்சில் இருக்க வேண்டும் என்றான். நாளைக்கே மூன்றாவது, நான்காவது கடை வந்தாலும் ஜனங்கள் பார்த்தவுடன் கண்டுபிடிக்க வேண்டுமாம். அதே நீல ஏப்ரன், அதே பலகை, பழங்களைக்கூட அதே வரிசையில் அடுக்கினான். கடைக்கு மேலே, ஆள் உயரத்துக்கு, தொமித்திலா அன்னாசிப் பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் படம், கீழே அவள் பெயர். படம் எடுத்த அன்று அவளுக்குச் செருப்பு கடித்துக்கொண்டிருந்தது. அது முகத்தில் அப்படியே தெரிந்தது.

பிறகு டம்ளர். பழைய சந்தையில் மிக்ஸியில் அடிப்பது ஒன்றரை டம்ளர் வரும். முதலில் ஒரு டம்ளர் ஊற்றுவார்கள். பாதி குடித்துவிட்டு டம்ளரை நீட்டினால், மிக்ஸியில் மிச்சமிருப்பது கொசுறு. பெர்சி இதைப் பார்த்துவிட்டு, மிக்ஸியில் உள்ளது மொத்தமும் கொள்ளும் உயரமான டம்ளர்களை வாங்கி வந்தான்.

"ஒரே தடவைல ஊத்திட்டா வேலை மிச்சம். அளவு அதேதான்."

"கொசுறு?" என்றாள் தொமித்திலா.

"அதுதான் உள்ளயே இருக்கே அத்தை!"

நெலிதாவுக்கும் பாடம் நடந்தது. கை சுத்தமானவள், பழம் பார்த்து எடுக்கத் தெரிந்தவள், கறுப்பு பீரும் முட்டையும் சேர்த்து அடிக்கும் ஸ்பெஷல் சாற்றை அம்மாவை விட நன்றாகப் போடுவாள். வாய்தான் கிடையாது. இந்த அழகில், வருபவர் யாரானாலும் "வணக்கம், எங்கள் கடைக்குத் தங்கள் வரவு நல்வரவாகுக" என்று சொல்ல வேண்டும் என்று பெர்சி சொல்லிக்கொடுத்திருந்தான். கேட்டவர்கள் வங்கிக்குள் நுழைந்துவிட்டோமோ என்று பின்வாங்கினார்கள்.

கடை திறந்தது. கூட்டம் வந்து நின்று பார்த்தது, போய்விட்டது. உட்கார்ந்த ஒன்றிரண்டு பேரும் பாதி குடித்துவிட்டு டம்ளரை நீட்டினார்கள். நெலிதா காலி மிக்ஸியைக் காட்டினாள். அளவு ஒன்றுதான் என்று பெர்சி விளக்கம் சொல்லச் சொல்ல அவர்கள் முகம் கறுத்தது. "கொசுறு தராத கடை" என்று ஒரு கிழவி காறித் துப்பாத குறையாகச் சொல்லிவிட்டு எழுந்தாள்.

தொமித்திலா விஷயம் கேள்விப்பட்ட அன்றே பழைய டம்ளர்களை மூட்டை கட்டி அனுப்பினாள். கொசுறு திரும்பி வந்தது. ஜனம் வரவில்லை. ஜூலையும் முடிந்துவிட்டது. பெர்சி பஸ் நேரம் விசாரிக்க ஆரம்பித்தான். தொமித்திலாவுக்குத் தூக்கம் போயிற்று.

அந்த வாரத்தில்தான் தோன் கசிமிரோ, அதாவது கசிமிரோ ஐயா, பழைய கடைக்கு வந்தார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். தொமித்திலா கடை திறந்த நாளிலிருந்து அவளுடைய பெஞ்சில் உட்காருபவர். வீடு புதுச் சந்தைக்கு எதிரிலேயே இருந்தும், பப்பாளிச் சாற்றுக்காக இரண்டு பஸ் மாறிப் பழைய சந்தைக்கு வருகிறவர். அன்றைக்கு உட்காரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஒரு தப்பு பண்ணிட்டேன் கசேரா."

"என்ன தப்பு?"

"நேத்து உருளைக்கிழங்கு வாங்கப் புதுச் சந்தைக்குப் போனேன். வெயில் தாங்கலை. தலை நிமிராமலே ஒரு கடைல உக்காந்துட்டேன். ஒரு வாய் குடிச்சிட்டு நிமிந்து பாக்கறேன், மேல நீங்க! முறைச்சுக்கிட்டு நிக்கறீங்க. மீதியை அப்படியே வெச்சிட்டு ஓடியே வந்துட்டேன்."

"யோவ், அது என் பொண்ணு கடைய்யா!"

"தெரியும். அதனாலதான் இன்னும் பயமாப் போச்சு. நீங்க இங்க இருக்கும்போது நான் அங்க குடிச்சா, அது துரோகம்தானே?"

"என் பேரு போட்டிருக்கு, என் படம் மாட்டியிருக்கு. இதுல என்னய்யா துரோகம்?"

"பேரு இருக்கு, படம் இருக்கு. ஆளு இங்கதானே இருக்கீங்க. என்னை மட்டும் கேக்காதீங்க, எங்க தெருவுல உங்ககிட்ட குடிக்கிறவங்க எல்லாருமே அந்தப் பக்கம் போனா தலையைக் குனிஞ்சுக்கிட்டுத்தான் போறாங்க."

பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டிருந்த சொராய்தா சிரித்த சிரிப்பில் ஆரஞ்சுக் குவியல் சரிந்தது. தொமித்திலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. யாரோ கெடுத்திருந்தால் நாலு வார்த்தை திட்டி ஆறுதல் அடையலாம். இருபது வருடமாகப் பலகை மேல் ஏறி நின்று இந்தப் பயத்தை ஊட்டி வளர்த்தவள் அவளேதான். மகளை ஊரில் நிறுத்த ஒரு கடை போட்டாள், அந்தக் கடைக்கு யாரும் போகாதபடி அவளே காவலும் நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பழைய கடையைச் சாத்தினாள். சொராய்தாவின் பெஞ்சு நிரம்பி வழியும் என்று தெரிந்தும் சாத்தினாள். கசிமிரோவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு புதுச் சந்தைக்குப் போனாள். போனதும் முதல் வேலையாக, படத்தைக் கழற்று என்றாள்.

"அத்தை, அதுதான் நம்ம கடையோட அடையாளம்!" என்று பெர்சி பதறினான்.

"அடையாளம் இல்லடா, பூச்சாண்டி. கழட்டு."

படம் இறங்கியது. கசிமிரோவை பெஞ்சில் உட்கார வைத்தாள். அவர் தெருவிலிருந்து வந்திருந்த நாலைந்து பேர் தூரத்தில் கோஸ் விலை கேட்பது போல நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"தோன் கசிமிரோ, இன்னிலேர்ந்து உங்க கசேரா இவதான். நான் யாரோ. பழைய சந்தைப் பக்கம் வந்தாலும் எனக்கு உங்களைத் தெரியாது."

இருபது வருடம் காலையில் முதல் பப்பாளியை இந்த மனிதருக்காகத்தான் வெட்டியிருக்கிறாள். அவர் அவளைப் பார்த்தார், நெலிதாவைப் பார்த்தார், பிறகு டம்ளரை எடுத்தார். பாதி குடித்துவிட்டு மெல்ல நீட்டினார். நெலிதா மிக்ஸியில் இருந்ததைக் கடைசிச் சொட்டுவரை ஊற்றினாள்.

"எப்படி இருக்கு?" என்று தொமித்திலாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"உங்களதை விட நல்லா இருக்கு," என்றார் கசிமிரோ. அது பொய் என்று அவள் நம்ப ஆசைப்பட்டாள்.

கோஸ் விலை கேட்டவர்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் திருவிழா பட்டாசு வெடித்தபோது பெஞ்சில் இடமில்லை. திருவிழா முடிந்ததும் பெர்சி பஸ் பேச்சை விட்டுவிட்டு மூன்றாவது கடைப் பேச்சை எடுத்தான்.

"அங்க யாரு நிப்பா?" என்றாள் தொமித்திலா.

"நானே நிக்கறேன் அத்தை."

"முதல்ல நாலு பேரைத் திட்டக் கத்துக்கோ. அப்புறம் பாக்கலாம்."

இருந்தாலும் அவளுக்கு உள்ளூர ஒரு உறுத்தல் போகவில்லை. பெர்சியின் அண்ணன் இன்னமும் ஞாயிறு தவறாமல் போன் செய்துகொண்டுதான் இருந்தான். நெலிதா இன்னமும் எல்லோருக்கும் வாய் திறக்காமல் சாறு ஊற்றிக்கொண்டுதான் இருந்தாள். இவளுக்குக் கடையில் மனசு ஒட்டியதா, அம்மாவுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறாளா என்று தெரியவில்லை.

செப்டம்பரில் ஒரு காலை, கசிமிரோ பழைய சந்தையில் தலையைக் காட்டினார். பென்ஷன் ஆபீசுக்கு வந்தாராம், அப்படியே வந்தாராம். தொமித்திலா அக்கம்பக்கம் பார்த்தாள். தெரியாது என்று சொன்ன வாய்தான். ஆனாலும் கை தன்னால் பப்பாளியை வெட்டியது. கொசுறு ஒரு தடவை ஊற்றி, ஆசை தீராமல் இன்னொரு தடவையும் ஊற்றினாள். இரண்டு பேரும் திருட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்து நெலிதா ஆரஞ்சு மூட்டை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள்.

கசிமிரோ டம்ளரை பெஞ்சுக்கு அடியில் ஒளித்தார். மீசையில் நுரை இருந்தது. நெலிதா அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூட்டையைத் தொப்பென்று கீழே போட்டாள், இடுப்பில் கை வைத்தாள், சந்தையின் தகரக் கூரை அதிர ஒரு குரல் எடுத்தாள்.

"என்ன கசேரோ, பக்கத்துக் கடைப் பப்பாளி ரொம்ப இனிச்சுதோ?"

வரிசையில் இருந்த அத்தனை மிக்ஸியும் நின்றது. சொராய்தா சிரிக்கவும் மறந்து வாயைப் பிளந்தாள். பெற்று வளர்த்த தாயைப் பார்த்துப் பக்கத்துக் கடை என்கிறாளே என்று தொமித்திலாவுக்கு ஒரு கணம் பற்றிக்கொண்டு வந்தது. மறுகணம் புரிந்தது. தன் வாடிக்கைக்காரனுக்காக இப்படிக் கத்துகிறவள் எந்த பஸ்ஸிலும் ஏறமாட்டாள். கண் நிறைந்துவிட்டது. அதை யாரும் பார்ப்பதற்கு முன்னால் அவள் பலகை மேல் ஏறி நின்றாள்.

"ஆமாடி, இனிச்சுது!" என்று கத்தினாள்.