ஒரே ஒரு மிதி

கிளேட்டனைக் கட்டிக்கொண்டபோது அவனுடைய காரையும் சேர்த்தே கட்டிக்கொண்டேன். எழுபத்தாறில் வந்த வண்டி. முன்சீட்டில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். கியரை அதுவே மாற்றிக்கொள்ளும்.

எங்கள் அரிசோனாப் பக்கத்துப் பழைய கார் சங்கத்து ஆண்களுக்கு ஒரு வியாதி உண்டு. பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பா எஞ்சினின் சக்தியைத் திருடுகிறது என்று கழற்றி எறிவார்கள். அநாதையாகத் தொங்கும் ரப்பர் குழாய்களின் வாயில் கோல்ஃப் பந்து வைக்கும் குச்சியைச் செருகுவார்கள். வெயிலில் பெட்ரோல் குழாய் கொதிக்காமல் இருக்க, அதன்மேல் வரிசையாகத் துணி மாட்டும் மரக் கிளிப்புகள். கிளேட்டனும் அப்படித்தான்; அவன் மாட்டிய கிளிப்புகள் என் துணிக் கொடியிலிருந்து திருடியவை.

அன்று மலைமேல் ஊரில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். உச்சி வெயில். ஏறி வந்த சூடு ஆறுவதற்குள் அவனுக்கு அவசரம். கீழே சங்கத்துக் கூட்டம்.

"கொஞ்சம் ஆறட்டுமே கிளேட்டன். பெட்ரோல் நாத்தம் குடலைப் பிடுங்குது."

"கிளிப்பு மாட்டியிருக்கேன்ல? நீ பேசாம வா, மார்லீன். உன் பயத்துல பாதி வித்தா புது வண்டியே வாங்கலாம்."

முதல் இரண்டு வளைவுகளில் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த இறக்கத்தில் எஞ்சின் இருமியது. பிறகு சத்தம் நின்றது. டயர் உருளும் ஓசை மட்டும் கேட்டது. அத்தனை பெரிய வண்டி சத்தமில்லாமல் சரிவில் ஓடுவதை நான் அதற்குமுன் அனுபவித்ததில்லை.

கிளேட்டன் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிச் சாவியைத் திருகினான். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. குழாயில் பெட்ரோல் ஆவியாகிவிட்டது. ஆவியை பம்ப் எப்படித் தள்ளும்?

அவன் வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போதெல்லாம் பழுது பார்க்கும் புத்தகத்தை உரக்க வாசிப்பது என் வேலை. அதனால் எனக்குத் தெரியும்: எஞ்சின் ஓடும்போது உறிஞ்சும் காற்றால்தான் பிரேக்குக்குப் பலம். நின்ற பிறகு மிச்சம் இருப்பது ஓரிரு மிதிக்கே போதும்.

"ஒரே மிதியா மிதி! கால எடுக்காத!"

கிளேட்டன் மின்னசோட்டாப் பனியில் ஓட்டப் பழகியவன். அங்கே அப்பன்மார் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித் தருவதே, விட்டு விட்டு மிதி, இல்லாவிட்டால் சறுக்கும் என்பதுதான். மூளை என் பேச்சைக் கேட்டிருக்கலாம். கால் அப்பன் பேச்சைக் கேட்டது. மிதித்தான், விட்டான். மிதித்தான், விட்டான். நான்காவது தடவை பெடல் அசையவில்லை.

"கல்லா இருக்கு," என்றான். "மார்லீன், இறங்க மாட்டேங்குது!"

எதிரே ஊசி வளைவு. அதற்கு அப்பால் தடுப்புக் கம்பி, அதற்கு அப்பால் ஆகாயம். சீட் பெல்ட்டைக் கழற்றினேன். நீள சீட்டில் நகர்ந்து அவன்மேல் இடித்து உட்கார்ந்து, அவன் கால்மேல் என் இரண்டு காலையும் வைத்து, முதுகை சீட்டில் முட்டுக்கொடுத்து அழுத்தினேன். அவன் வலியில் கத்தினான். கத்தட்டும் என்று இன்னும் அழுத்தினேன். ஸ்டீயரிங்கும் இறுகிப் போயிருந்தது. அதை இரண்டு கையாலும் இழுத்தான். சாகப் போகிறோம் என்றுதான் நினைத்தேன். வேறு நினைப்பே வரவில்லை.

ரப்பர் தீய்ந்த வாடை அடித்தது. வண்டி ஓரத்து ஜல்லியில் இழுபட்டு, கம்பியை முட்டி நின்றது. கம்பி வெளிப்பக்கம் வளைந்தது, ஆனால் விடவில்லை. கிளேட்டன் கியரைப் பார்க்கில் போட்டான், இடது காலால் பார்க்கிங் பிரேக்கையும் மிதித்தான். அதன்பிறகும் என் கால்களை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அரை மணிக்கும் மேலே ஆன பிறகுதான் எடுத்தேன். அவன் சட்டை முழுக்க வேர்வை. இனியாவது புத்தி வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் சாவியைத் திருகினான்.

சூடு ஆறியிருந்தது. எஞ்சின் ஒன்றுமே நடக்காததுபோல உடனே பிடித்துக்கொண்டது. கிளேட்டனின் முகம் மலர்ந்தது.

"பாத்தியா! ஓடுது! சும்மா ஆவி அடைச்சிருக்கு, அவ்வளவுதான். இன்னும் அரை மலைதானே, மெதுவா இறக்கிடறேன். கூட்டத்துக்குக்கூடப் போயிடலாம்."

பிரேக் கல்லானபோது பயந்ததைவிட அந்தச் சிரிப்பைப் பார்த்து அதிகம் பயந்தேன். நாளைக்கும் இப்படித்தான் சிரிப்பான். அடுத்த மலையிலும் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சிரிப்பான்.

கையை நீட்டி எஞ்சினை அணைத்தேன். சாவியை உருவினேன். மலைப்பக்கக் கதவு வழியாக இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, வளைந்த கம்பிக்கு மேலே வீசினேன். அது விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

கிளேட்டன் இறங்கி வந்து பள்ளத்தைப் பார்த்தான். கோபம் வரும் என்று காத்திருந்தேன். அவன் கம்பியைப் பார்த்தான், முன்டயருக்கும் விளிம்புக்கும் நடுவில் இருந்த கையகல ஜல்லியைப் பார்த்தான். முகத்தில் ரத்தம் இல்லை.

"இன்னொரு சாவி வீட்ல இருக்கு," என்றான் மெல்ல.

"இருக்கட்டும். உயிரோட போய்த் தேடலாம். நட."