கிணற்றுக் கன்னிக்கு மூன்று கேள்விகள்

சரவணமுத்து மெட்ராஸ் காலேஜிலிருந்து கொண்டுவந்த விளையாட்டில் பலகையும் கிடையாது, காயும் கிடையாது. ஒருவன் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளாக நடக்க வேண்டும். வாளை எடுப்பதா ஓடுவதா என்று அவரவர் சொன்னபின், பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை தீர்மானிக்கும். ஹாஸ்டலில் யாரிடமோ இரவல் வாங்கிக் கையால் எழுதிவந்த விதிகளில் தேவதைகள் நிறைய இருந்தார்கள். எல்லாம் பனிக்காட்டில் வாழ்கிறவர்கள். கூர்ங்காது, மெல்லிய இறகு. நாமக்கல் வெயிலில், லாரி பாடி கட்டும் பட்டறையின் பின்கொட்டகையில் உட்கார்ந்துகொண்டு அவர்களுக்குப் பயப்பட யாராலும் முடியவில்லை.

"இவ எவடா, ஐஸ்வண்டிக்காரன் பொண்டாட்டியாட்டம்?" என்றான் சின்னுசாமி. "நம்மூரு வெயில்ல அரை நாழி நின்னா கரைஞ்சு போயிருவாளே."

அப்படித்தான் உள்ளூர்த் தேவதைகளை உருவாக்கும் வேலை கந்தப்பன் தலையில் விழுந்தது. பகலில் அதே பட்டறையில் அளவெடுக்கிறவன் அவன். சாயங்காலம் படவரைவு வகுப்புக்குப் போகிறவன். வரையத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். விதி ஒன்றையும் கூடவே வைத்தார்கள்: எந்தத் தேவதையை எவன் செய்தானோ, ஆட்டத்தில் அதற்காக அவனே பேச வேண்டும்.

கந்தப்பன் ஒரு முறை வைத்திருந்தான். முதலில் இடம். பிறகு உயரம். அதற்குப் பிறகு தேவதைக்கு என்ன வேண்டும், கொடுத்தால் என்ன செய்யும், கொடுக்காவிட்டால் என்ன செய்யும். முகம் கடைசியில்தான். கரட்டுக் குன்றின் பாறையில் வெயில் காயும் விரலளவுப் பெண்களைச் செய்தான். மோகனூர்க் கரும்புக் காட்டுக்குள் வழிமாற்றி விடும் சோகைக்காரியைச் செய்தான். அவள் கையைப் பிடித்தால் கரும்பின் சோகை இலை அறுப்பதுபோல் உள்ளங்கை அறுந்துவிடும். இரண்டும் நன்றாக இருப்பதாக மற்றவர்கள் சொன்னார்கள். அவனுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. சோகைக்காரியின் மூக்கை அழித்து அழித்து அந்த இடத்தில் சார்ட் பேப்பரே தேய்ந்துபோயிருந்தது.

"கெணத்துக்கு ஒண்ணு போடுறா," என்றான் சின்னுசாமி, ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில்.

கந்தப்பனின் பென்சில் நின்றது. சரவணமுத்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான்.

சின்னுசாமியின் தங்கை வசந்தாமணி தங்கள் தோட்டத்துக் கிணற்றில்தான் செத்துப்போனாள். இரண்டு வருஷமாகிறது. அப்போது சின்னுசாமி திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு ஆந்திராவில் ஆழ்குழாய்க் கிணறு போட்டுக்கொண்டிருந்தான். தந்தி அலைந்து கைக்குக் கிடைத்து அவன் வந்துசேர்ந்தபோது, தங்கையைப் புதைத்த மண் காய்ந்திருந்தது. கால் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அவனைப் பெற்ற அய்யன் சொன்னார். அதற்குமேல் அந்த வீட்டில் யாரும் பேசவில்லை.

"வேற எதுக்காச்சும் போடலாமே," என்றான் கந்தப்பன். "கோட்டை மதில் இருக்குது, ஏரி இருக்குது..."

"கெணத்துக்குப் போடு. நாஞ்சொல்றேன், நீ வரைஞ்சுட்டே வா."

அந்த முறை மட்டும் முகம் முதலில் வந்தது. தாடையில் ஒரு தழும்பு என்றான் சின்னுசாமி. வலப்பக்கம், இல்லை, இன்னும் கீழே. பச்சைப் பாவாடை. கையில் வளையல் வேண்டாம், வெறுங்கை. கந்தப்பனுக்கு அது யாரென்று தழும்பிலேயே தெரிந்துவிட்டது. நிறுத்திவிடலாம் என்று நினைத்தான். நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டும், காரணத்தை வாயால் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே பாவாடைக்கு மடிப்புப் போட்டு முடித்துவிட்டான்.

மீதியை வகுப்பு முடிந்து வந்து எழுதினான். அவளுக்கு என்ன வேண்டும்? வெறுங்கை என்பதால் வளையல் என்று எழுதினான். கொடுத்தால்? மேலே வந்து மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்வாள். பொய் சொல்லும் தேவதையிடம் கேட்டு யாருக்கு என்ன பயன்? அதனால், 'பொய் சொல்ல மாட்டாள்' என்று சேர்த்தான். எழுதும்போது எல்லாம் கணக்குப்போலச் சரியாகத்தான் வந்தது.

அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் கல்யாணமாகாத பெண் செத்துப்போனால் ஆடியில் அவளை அழைப்பார்கள். பாவாடையும் வளையலும் பூவும் வைத்துக் கும்பிடுவார்கள். வீட்டில் யார் மேலாவது இறங்கி, தனக்கு என்ன குறை, என்ன நடந்தது என்று அவள் சொல்வாள். கந்தப்பனுக்கு இது தெரியாத சங்கதி அல்ல. ஆனாலும் தான் எழுதியது அதுதான் என்று அவனுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் உறைக்கவில்லை.

அன்று சின்னுசாமி குளித்துவிட்டு, நெற்றியில் திருநீறோடு வந்தான். கதைக்குள் அவர்கள் பாழுங்கிணற்றின் படியில் இறங்கியதும், சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்துப் படத்தின்மேல் வைத்தான். பச்சைக் கண்ணாடி வளையல்கள்.

"டேய், வாயில சொன்னாப் போதும்டா," என்று சிரிக்கப் பார்த்தான் சரவணமுத்து. "நெசமாவே வாங்கியாரணுமா?"

"எங்கூட்டுல இவள அழைக்க மாட்டீங்கறாங்க. ரெண்டு ஆடி போயிருச்சு. கால் வழுக்கிச் செத்தவளுக்கு அழைப்பு எதுக்குங்கறாரு எங்கய்யன்." சின்னுசாமி கந்தப்பனை மட்டும் பார்த்தான். "இங்க வருவாள்ல? உருட்டு."

தாயக்கட்டைகளைத்தான் அவர்கள் பகடையாக வைத்திருந்தார்கள். கந்தப்பன் உருட்டினான். தாயம் விழுந்தது. அவள் வந்துவிட்டாள்.

"பசிக்குதா அம்முணி?" என்று கேட்டான் சின்னுசாமி.

அவளைச் செய்தவன்தான் பதில் சொல்ல வேண்டும். "இல்லீங்ண்ணா," என்றான் கந்தப்பன்.

"குளுருதா?"

"பழகிருச்சுங்ண்ணா."

ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவனுக்கே தெரியவில்லை. சின்னுசாமியின் முகம் கோணியது. சரவணமுத்து, "போதும்டா, டீ குடிச்சுட்டு வரலாம்," என்று எழுந்தான். யாரும் அவனோடு எழவில்லை.

"நீயா விழுந்தியா, உன்னைய யாராச்சும் தள்ளி உட்டாங்களா?"

கந்தப்பனுக்கு எதுவும் தெரியாது. ஊர் பேசியதெல்லாம் தெரியும். கல்யாணப் பேச்சில் சண்டை என்றார்கள், அடி விழுந்தது என்றார்கள், பேசியவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். நானாகக் குதித்தேன் என்று அவள் சொன்னால் இவன் எப்படித் தாங்குவான்? தள்ளிவிட்டார்கள் என்று சொன்னால் இங்கிருந்து நேராக வீட்டுக்குப் போவான். மாட்டுக்கொட்டகையில் அரிவாள் செருகியிருக்கும் இடத்தைக் கந்தப்பனே பார்த்திருக்கிறான். தெரியவில்லை என்று சொல்லவும் ஒரு வழி இருந்தது. அது அவனுக்கு அப்புறம்தான் தோன்றியது.

"கால் வழுக்கிருச்சுங்ண்ணா."

சின்னுசாமி வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

"என்னைய விட நல்லா நீந்துவா. அந்தக் கெணத்துல அடி மண்ணு எடுத்துட்டு வருவா." குரலில் கோபமே இல்லை. "எங்கய்யன் சொன்னதையே இவளும் சொல்றா. பொய் சொல்ல மாட்டாள்னு நீதாண்டா எழுதுன."

"சின்னு, இருடா..."

"வாரேன்."

வளையல்களை அப்படியே விட்டுவிட்டுப் போனான். அந்த வாரமே மத்தியப் பிரதேசத்துக்குக் கிளம்பிய ரிக் வண்டியில் ஏறிவிட்டான். கொட்டகையில் அதன்பின் ஆட்டம் நடக்கவில்லை. கந்தப்பன் வளையல்களைக் காலிப் பெயிண்ட் டப்பா ஒன்றில் போட்டு வைத்தான். எடுத்து எறியக் கை வரவில்லை.

ஆடி முடியப்போகும் சமயத்தில் சின்னுசாமியின் அய்யன் பட்டறைக்கு வந்தார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பாதி கட்டிய லாரி ஒன்றின் ஓரமாக நின்றார். ஆள் பாதியாகியிருந்தார்.

"பையன் கடுதாசி ஏதாச்சும் போட்டானா சாமி?"

"இல்லீங்கய்யா."

"போறப்ப என்ற மூஞ்சியப் பாத்துட்டே நின்னான். ஒண்ணும் கேக்குல. நீங்க ஏதோ ஆட்டம் ஆடுனீங்களாமே. புள்ள வந்தாளாமா?"

கந்தப்பன் எல்லாவற்றையும் சொன்னான். கால் வழுக்கியதாகத் தான் சொன்னதையும் சொன்னான். பெரியவர் தலையை ஆட்டினார்.

"நம்புனானா?"

"நம்பலீங்கய்யா."

கந்தப்பன் உள்ளே போய் டப்பாவை எடுத்துவந்து நீட்டினான். "ஆடி இன்னும் மிச்சம் இருக்குதுங்க. ஊட்டுல வெச்சு அழைச்சீங்கன்னா..."

அவர் கை முன்னால் வரவில்லை. டப்பாவுக்குள் எட்டிப் பார்த்ததோடு சரி. உள்ளே பாம்பு கிடப்பதுபோல ஓர் எட்டு பின்னால் வைத்தார்.

"அழைச்சா வந்துருவா சாமி," என்றார். "வந்தா சொல்லிப்போடுவா."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தார்.