மூன்றாவது சிவப்புக் கோடு

“நாள் முழுக்க ஒரு புள்ளியவே பாத்துக்கிட்டு உக்கார முடியுமா உன்னால?” என்று வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி ஜெயபாலன் கேட்டார். தேன்மொழி தலையாட்டினாள். பள்ளியைப் பாதியில் விட்டவளுக்கு, வாயைத் திறக்காமல் செய்யும் வேலை என்றால் போதும்.

கணினித் திரையில் தெரியும் புள்ளிகள் எல்லாம் லாரிகள். சிம்பாங் ரெங்கம் ஆலையிலிருந்து செம்பனை எண்ணெய் ஏற்றிக்கொண்டு பாசிர் கூடாங் துறைமுகத்துக்குப் போகிறவை. ஓட்டுநர்கள் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு எடுக்க வேண்டும். இன்ஜினை அணைத்தால்தான் லாரியில் பொருத்திய கருவி அதை ஓய்வு என்று எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் திரையில் சிவப்புக் கோடு. மூன்று கோடு விழுந்தால் ஓட்டுநரிடமிருந்து லாரியை வாங்கிவிடுவார்கள். கோடு விழப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் போட்டுச் சொல்வது தேன்மொழியின் வேலை. வாயைத் திறக்க வேண்டிய வேலை அது ஒன்றுதான்.

ஓட்டுநர் செபஸ்தியனுக்கு ஏற்கெனவே இரண்டு கோடு.

செவ்வாய்க்கிழமை காலை அவருடைய புள்ளி துறைமுக வரிசையில் அசையாமல் நின்றது. இன்ஜின் மட்டும் ஓடியது. ஏர்கானைப் போட்டுக்கொண்டு தூங்குகிறார். போனைக் கையில் எடுத்தாள். பேச வேண்டுமே என்று எண்ணை அழுத்தவில்லை. ‘இன்ஜின ஆஃப் பண்ணுங்க அங்கிள்’ என்று எழுதி அனுப்பிவிட்டாள். பத்து நிமிடத்தில் கோடு சிவந்தது. அவள் தேநீர் குடித்தாள்.

மாலையில் செபஸ்தியன் அலுவலகத்துக்கு வந்தார்.

“அலமாக், லாரி நகரவே இல்ல பாஸ். தூங்குனதுக்கா தண்டனை?”

“ஆஃப் பண்ணிட்டுத் தூங்க வேண்டியதுதானே?”

“அந்த வெயில்ல ஆஃப் பண்ணா கருவாடுதான். ஒரு நாளைக்கு நீங்க வந்து படுத்துப் பாருங்க லா.”

ஜெயபாலன் சிரித்துவிட்டார். பிறகு தேன்மொழி பக்கம் திரும்பினார். “நீ போன் போட்டியா? போடலன்னா அது உன் தப்பு. அவர் பேர்ல கோடு ஏறாது.”

“போட்டேன்” என்றாள். அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போல் கேட்டது.

செபஸ்தியன் தன் போனை எடுத்து விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அழைப்பு எதுவும் இல்லை. அந்த ஒரு வரி மட்டும் இருந்தது. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். போனை ஜெயபாலனிடம் நீட்டப் போகிறார் என்று நினைத்தாள். பயம்கூட வரவில்லை. திரையில் ஏழு புள்ளிகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

அவர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். லாரிச் சாவியைக் கழற்றி அவள் மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார்.