ஐந்தாம் இலக்கும் மாமல்லபுரம் பஸ்ஸும்

1

இந்தக் கதை ஞானோதயத்தில் பிறக்கவில்லை, சர்க்குலரில் பிறந்தது. பொத்தேரிப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் சிவில் துறை வாத்தியார் நான். கதையும் எழுதுவேன் என்பதால், இளநிலை மாணவர்களுக்கான கற்றல் இலக்குகளை எழுதும் பாக்கியம் என் தலையில் விழுந்தது. 'புரிந்துகொள்வார்' என்று எழுதக் கூடாதாம். புரிந்ததை அளக்க முடியாதாம். அப்படியா, சரி. ஐந்தாம் இலக்காக, 'மாணவர் அச்சமின்றிக் கேள்வி கேட்பார்' என்று போட்டேன். துறைத்தலைவர் பார்த்தசாரதி கைதட்டினார். என் கற்பனைக்கு இவ்வளவு வரவேற்பு அதுவரை கிடைத்ததில்லை.

2

'அலைகளின் மகளான பிரிசில்லா, அன்று காலை...'

(சீ! அடித்துவிட்டேன். திருப்போரூரிலிருந்து பஸ்ஸில் வரும் இறுதியாண்டு மாணவி. போதும்.)

அந்தப் பெண் ஐந்தாம் இலக்கை நிஜமென்று நம்பிவிட்டாள்.

"சார், கான்கிரீட்ட நசுக்கிப் பாக்குற மெஷினு நான் சேந்ததுலேந்து ரிப்பேராவே கீது. அடுத்த மாசம் கல்பாக்கத்துல எனக்கு வேலைக்கு டெஸ்ட்டு. ஓட்டிக் காட்டுன்னா நான் இன்னா சார் பண்ணுவேன்? நாளைக்கு காலேஜ இன்ஸ்பெக்‌ஷன் பண்ண வர்ற கமிட்டிகிட்ட கேக்கப்போறேன்."

இது காதில் விழுந்ததும் பார்த்தசாரதி என்னை ஓரமாக இழுத்துப்போனார். "அது வாயத் தொறந்தா நம்ம கதை கந்தல்யா! மாமல்லபுரம் டூர்ல ஏத்திவுடு."

(அடிக்குறிப்பு: கமிட்டி வரும் நாளில், வாயுள்ள பிள்ளைகளைச் சிற்பம் பார்க்க அனுப்புவது எங்கள் வழக்கம். வருகைப்பதிவு உண்டு. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் அர்ச்சுனன் தபசை வருடாவருடம் பார்த்துவிடுவார்கள்.)

3

முடிவு அ: கமிட்டி கண்கலங்கிப் புது மெஷின் வாங்கச் சொல்கிறது. (சிரிக்காதீர்கள்.)

முடிவு ஆ: பிரிசில்லா பஸ் ஏறுகிறாள். கடற்கரைக் கோயில், செல்ஃபி, மாங்காய் பத்தை, சுபம். இதை அவளிடமே படிக்கக் கொடுத்தேன்.

"இன்னா சார், கதையிலயும் என்ன டூருக்கே அனுப்பிட்டீங்க?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உடனே அந்த முடிவைக் கிழித்தேன். அந்த அளவுக்கு வீரன்தான் நான்.

4

இன்று காலை பஸ் கேட்டருகே நிற்கிறது. பிரிசில்லா ஏறவில்லை.

"நான் லேபுக்குப் போறேன் சார். நான் கேக்கும்போது, 'ஆமா, மெஷின் ஓடல'ன்னு நீங்க ஒரே ஒரு வார்த்த சொல்லுவீங்களா?"

"அது வந்தும்மா, நான்..."

வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டேன். கமிட்டி முன்னால் அவள் என்ன கேட்பாள், அடுத்த மாதம் கல்பாக்கத்தில் என்ன ஆவாள் என்பதையெல்லாம், வாசகரே, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியாது. டூருக்குத் துணையாக ஒரு வாத்தியார் வேண்டும் என்றார்கள்; பஸ் இப்போதுதான் திருப்போரூரைத் தாண்டுகிறது, ஜன்னலோரம் எனக்கு நல்ல சீட்.