நாணல் கால்வாயில் இருபது நிமிடம்

பழைய பெட்ரோல் மோட்டார் கைவிரித்துவிட்ட மறுநாள் காலை, சர்வேயர் சாப்பாட்டு மேஜையில் முழுத்தாள் ஒன்றை விரித்து, அடிஸ்கேல் வைத்து நடுவே கோடு கிழித்தார். இடப்பக்கம் பெட்ரோல், வலப்பக்கம் பேட்டரி. ஒவ்வொன்றுக்கும் கீழே சாதகம், பாதகம். முப்பது வருஷம் நிலம் அளந்தவர். செருப்பு வாங்குவதானாலும் தாள் போடாமல் கடைப்படி ஏறமாட்டார்.

எதிரே காப்பி குடித்துக்கொண்டிருந்தவன் மைத்துனன், மறைந்த மனைவியின் தம்பி. செயற்கைப் பல் செய்வது அவன் தொழில். சின்னப் பாய்மரப் படகு ஒன்று இருவருக்கும் பொது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாணல் அடர்ந்த கால்வாய் வழியாக ஏரிக்குப் போவார்கள். கால்வாய்க்குள் காற்று எட்டிப் பார்க்காது. அதைக் கடக்கும் இருபது நிமிடத்துக்கு மோட்டார்தான் கதி. ஏரி வந்ததும் பாயை ஏற்றிவிட்டால் கயிறும் கையுமாகப் பொழுது போய்விடும்.

மைத்துனன் தாளைத் தன் பக்கம் திருப்பினான்.

"அத்தான், ஒரு வரி எடம் மாறிடுச்சு. சத்தத்தைக் கொண்டுபோய் பெட்ரோலோட சாதகத்துல போட்டிருக்கீங்க."

"மாறல."

"சத்தம் எப்படி அத்தான் சாதகமாகும்? நாள் பூரா பல்லு தேய்க்கிற மெஷினோட மாரடிக்கிறேன். தண்ணிக்கு வந்தும் அதேவா?"

சர்வேயர் பேனா மூடியைத் திருகினார்.

"கடைக்காரர் பேட்டரி மோட்டாரை ஒரு நாள் ஓட்டிப் பாக்கச் சொல்லிக் குடுத்திருக்கார்," என்றான் மைத்துனன். "அளக்காமலே எழுதுற ஆளா நீங்க?"

அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பதினோரு மாதத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரியில், குளித்துவிட்டு வர அவர் வீட்டுக்குப் போயிருந்த ஒரு மணி நேரத்தில் மனைவி போய்விட்டாள். பக்கத்தில் இருந்தது தம்பிதான். வராந்தாவில் அவரைக் கண்டதும், "அக்கா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னா," என்றான். "அப்புறம்," என்றார். அந்த அப்புறம் அப்படியே நின்றுவிட்டது. அவனும் விட்டபாடில்லை, கால்வாயில் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்காரும்போதெல்லாம் அவன் வாய் திறக்கும், இவர் மோட்டாரின் பிடியை ஒரு திருகு கூடுதலாகத் திருகுவார். கேட்டுவிட்டால் அவள் தன்னிடம் சொல்ல இனி ஒன்றுமே மிச்சமிருக்காது. கேட்காதவரை அவள் ஏதோ பாதிப் பேச்சில் அடுத்த அறைக்குப் போயிருப்பதுபோல இருந்தது.

மதியம் படகில் ஏறினார்கள். பழைய மோட்டார்போல இழுத்துக் கிளப்பக் கயிறு இல்லை. பிடியைத் திருப்பியதும் கரை தானாகவே பின்னால் நகர்ந்தது. ஓடுகிறதா என்று அவர் இரண்டு தடவை குனிந்து பார்த்தார். பிடியின் மேல் சின்னத் திரை ஒன்று, தொண்ணூற்றாறு சதவீதம் என்றது.

நாணல்கள் இருபுறமும் நழுவின. இத்தனை வருஷமும் இந்தக் கால்வாயில் இவ்வளவு இருந்ததா என்று தோன்றியது: நாணலோடு நாணல் உரசும் ஓசை, எங்கோ ஒரு மீன் துள்ளி விழுவது, படகின் அடியில் தண்ணீர் தனக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போவது. வெயில் பச்சையாக வடிந்தது. தூங்கும் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பதுபோலப் படகு போயிற்று. மைத்துனன் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. மூக்கடைப்பு அவனுக்கு, அவளுக்கும் உண்டு.

"அத்தான்."

அவர் பிடியைத் திருகினார். வேகம் கூடியது. சத்தம் கூடவில்லை.

"இன்னைக்கும் வேணாம்னா விட்டுடறேன்," என்றான் மைத்துனன், தண்ணீரைப் பார்த்தபடி. "ஆனா எனக்கு மறந்துபோயிடுமோன்னு பயமா இருக்கு. வார்த்தை மாறாம வெச்சிருக்கணுமேன்னு தெனமும் பல்லு தேய்க்கையில ஒருதரம் சொல்லிப் பாத்துக்கறேன்."

"உன் பல்லா, நீ செய்யற பல்லா?" என்று கேட்க வாயெடுத்தவர் கேட்கவில்லை. பதினோரு மாதமாக இன்னொருத்தன் தன் வீட்டுப் பொருளைக் கைவலிக்கச் சுமந்துகொண்டு நிற்பதை அவர் அளக்க மறந்திருந்தார்.

"பேட்டரி எவ்வளவு இருக்கு?" என்றான் மைத்துனன், பேச்சை அவனே மாற்றி.

"இருக்கு."

"பாதி தீந்ததும் திரும்பிடணும்னு கடைக்காரர் சொன்னார்."

"தெரியும்."

கால்வாய் வளைந்தது. தூரத்தில் ஏரியின் வெளிச்சம் தெரிந்தது. இன்னும் நாலு நிமிடத்தில் காற்று, பாய், கயிறு. அவர் பிடியை மெல்லப் பின்னுக்குத் திருப்பி, கடைசி வரை திருப்பி, கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சொல்லு மாப்ளே," என்றார். "அவ சொன்ன மாதிரியே சொல்லு."

மைத்துனன் தொண்டையைச் செருமிக்கொண்டான். படகு பழைய வேகத்தின் மிச்சத்தில் கொஞ்ச தூரம் போயிற்று. பின்னால், அது வகிர்ந்துவிட்டு வந்த தண்ணீர் இரண்டு பக்கமிருந்தும் மெதுவாகக் கூடிக்கொண்டிருந்தது.