பின்வரிசையில் மாமா

அக்காவின் கணவரைச் சின்ன வயதிலிருந்தே அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள். அந்தச் சொல்லுக்கு ஊரில் இன்னொரு பொருளும் உண்டு. இரண்டு பொருளிலும் அவர் மாமாதான் என்பது, வேலை வாங்கித் தருவதாகக் கூட்டிப்போய் ஒரு விடுதி அறையில் அவளை விட்டு வெளியே பூட்டியபோதுதான் புரிந்தது.

போலீஸ் சோதனையில் பிடிபட்டவளைத் தனி நீதிமன்றம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். அங்கே இப்படிப்பட்ட பெண்களைக் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. வாராவாரம் வரவழைத்து, மருத்துவரையும் ஆலோசகரையும் பார்க்கவைத்து, வழக்கைத் தள்ளுபடி செய்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வாராவாரம் அவளைக் கூட்டிவந்தது மாமா. சொந்தக்காரர் என்று பொறுப்பேற்றுக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார். நீதிபதியம்மா நலம் விசாரிக்கும்போதெல்லாம் அவர் பார்வை அவள் பிடரியில் ஊரும். நன்றாக இருப்பதாகச் சொல்லிவிடுவாள். மாலையில் மறுபடி அதே விடுதி. வாயைத் திறந்தால் அக்காவின் கதி என்னவாகும் என்று மாமா சொல்லி வைத்திருந்தார். செய்யக்கூடிய ஆள்தான்.

எந்தக் கேள்விக்கும் அவள் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டே பதில் சொல்வதை ஆலோசகர் கவனித்து நீதிபதியிடம் சொன்னார். அன்றைக்குக் கூட வந்தவர்கள் எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள்.

"இங்க பேசுறது வெளிய போகாதும்மா. அவர்கூடப் போக உனக்கு இஷ்டமா?" என்று நீதிபதியம்மா கேட்டார்.

பழக்கத்தில் அவள் பின்னால் திரும்பினாள். பின்வரிசை காலியாக இருந்தது. கதவுக்கு வெளியே மாமா கனைப்பது கேட்டது.

"அக்கா அந்த வீட்லதான் இருக்கா" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவர்கூட வேண்டாம்மா."

அந்த விடுதியைப் பற்றியும் சொன்னாள். அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. மாமாவை வராந்தாவிலேயே பிடித்தார்கள். அவளைக் காப்பகத்தில் சேர்த்துவிட்டு, ஆலோசகர் ஒரு பெண் போலீஸோடு அக்காவை அழைத்துவரப் போனார். பக்கத்துக் கட்டிலை அக்காவுக்கென்று கேட்டு வாங்கி, விரிப்பை நீவிவிட்டபடி அவள் காத்திருந்தாள்.

ஆலோசகர் தனியாகத்தான் திரும்பினார். அக்கா கதவை முழுசாகத் திறக்கவே இல்லையாம். தன் புருஷன் தங்கமானவர், தங்கச்சிதான் ஓடுகாலி என்று சொல்லிச் சாத்திக்கொண்டாளாம்.

"பின்னாடி யாராவது நின்னாங்களா?"

"அவங்க மாமியார் நின்னாங்க."

"அப்ப அது அக்கா பேசினது இல்ல" என்றாள்.

வழக்கு இழுத்தடித்து முடிந்தது. அவள்மேல் இருந்தது தள்ளுபடியானது. அவளுடைய சாட்சியில் மாமா உள்ளே போனார். அக்கா இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். தங்கச்சி போன் செய்தால் எடுக்கிறாள். எதுவும் பேசுவதில்லை. வைப்பதும் இல்லை.